புலியின் மூச்சு

கொஞ்ச நாள் முன்பு வரை எங்கள் வீட்டில் காலையில் பல் தேய்த்த கையோடு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். மகள் சொல்வாள். நான் கைபேசியில் பதிவு செய்துகொண்டே கேட்பேன்.

"எங்க வீட்டு மாடியில நின்னு பார்த்தா ரயிலும் தெரியும், ஏரியும் தெரியும், தூரத்துல மழை வர்றதும் தெரியும்."

இதை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்லி முடித்துவிட்டால் அன்றைய நாள் எங்களுடையது. அவள் பள்ளிக்கூடம் போவாள், நான் கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் இருக்கும் என் அலுவலகத்துக்குப் போவேன். நடுவில் நின்றால் மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும்.

யோசனை எங்கள் மருத்துவருடையது. அவர் வங்காளிப் பெண்மணி, என்னைவிட வயதில் சிறியவர். "வீட்ல என்ன மொழி பேசுறீங்களோ அதுல நீளமா ஒரு வாக்கியம் வெச்சுக்குங்க. தினமும் அதையே சொல்லச் சொல்லுங்க. குரலைக் கவனிக்காதீங்க, அது எப்பவும் மோசமாத்தான் இருக்கும். எங்கே மூச்சு வாங்குறான்னு மட்டும் பாருங்க" என்றார். வீட்டில் நாங்கள் தமிழ் பேசுகிறோம். அதனால் தமிழில் ஒரு வாக்கியம் செய்தேன். டாக்குரியாவில் எங்கள் வாடகை வீட்டின் மொட்டைமாடியிலிருந்து உண்மையிலேயே ரயிலும் ஏரியும் தெரியும். மழை வருவது தெரியும் என்பது மட்டும் வாக்கியத்தை நீட்டுவதற்காக நானே சேர்த்தது.

அவளுக்கு இருக்கும் நோயைப் பற்றிக் கேட்பவர்களிடம் தொண்டையில் மரு என்று சொல்லிவிடுவேன். அதுதான் சுருக்கம். மருத்துவர்கள் பாப்பிலோமா என்கிறார்கள். ஒரு வைரஸால் குரல்வளைக்குள் சின்னச் சின்னதாக, திராட்சைக் கொத்தைப் போல வளரும். புற்றுநோய் இல்லை. ஆனால் குழந்தையின் மூச்சுக்குழாய் எவ்வளவு அகலம் இருந்துவிடப் போகிறது? வளர வளர முதலில் குரல் கம்மும், பிறகு மூச்சு அடைக்கும். மயக்கம் கொடுத்து உள்ளே கருவி விட்டுச் சுரண்டி எடுப்பார்கள். கிருமி அங்கேயே தங்கிவிடுவதால் திரும்ப வளரும். திரும்ப எடுக்க வேண்டும். பெரியவளானதும் தானாக அடங்கிவிடலாம், அடங்காமலும் போகலாம். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இதுவரை எத்தனை தடவை எடுத்தாயிற்று என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. எண்ணிக்கையைக் கேட்டதும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் அழுகை கரகரவென்று இருக்கும். கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாளை நான் மாஷிமா என்று கூப்பிடுவேன். கொல்கத்தாவில் அம்மாவின் தங்கை வயதில் இருக்கும் எல்லோரும் மாஷிமாதான். அவருக்கு உலகத்திலுள்ள எல்லா நோய்களுக்கும் ஒரே காரணம்தான். "டாண்டா லேகேச்சே!" குளிர் பிடித்துவிட்டது. நவம்பர் மாதம் காற்று லேசாகத் திரும்பியதும் கண், மூக்கு மட்டும் தெரியும்படியான கம்பளிக் குல்லாவை எடுத்து வந்து, என்னைக் கேட்காமலே மகள் தலையில் மாட்டிவிடுவார். முதலில் பார்த்த டாக்டர் ஆஸ்துமா என்றார். இன்ஹேலர் வைத்தே ஒரு வருஷம் போயிற்று. நான்கு வயதில் ஒரு நாள் அவள் மாடிப்படி ஏறிவிட்டு உட்கார்ந்து, உதடு நீலம் பாரித்த பிறகுதான் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள்.

அன்றைக்கு மருத்துவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். இந்தக் கிருமி பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு வருவது என்றார். எத்தனையோ பெண்கள் உடம்பில் அது இருப்பது அவர்களுக்கே தெரியாது, அந்தக் குழந்தைகளிலும் மிகச் சிலருக்குத்தான் இப்படி ஆகும், ஏன் என்று யாருக்கும் தெரியாது, நீங்கள் செய்த தவறு என்று இதில் எதுவுமே இல்லை என்றார். நிதானமாக, இரண்டு தடவை சொன்னார். நான் தலையாட்டினேன். என் காதில் ஏறியது முதல் வரி மட்டும்தான். என் கணவரும் பக்கத்தில்தான் இருந்தார். வெளியே வந்ததும், "காபி குடிக்கலாமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்களுக்குள் வந்ததே இல்லை. அவர் நினைத்து வருத்தப்படுகிறாரா, மறந்தே விட்டாரா, எனக்குத் தெரியாது. கேட்டால் தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

அவர் வங்கியில் வேலை செய்கிறார். மூன்று வருஷமாக ராஞ்சியில். மாதத்துக்கு இரண்டு முறை வருவார். தினமும் காலையில் போன் வரும்.

"இன்னிக்கு எப்படிம்மா?"

"முழுசாச் சொன்னா."

"சரி, சரி. நல்லது."

அவ்வளவுதான். அவருடைய அண்ணன் குடும்பம் சால்ட் லேக்கில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தபோது அக்கா, அதாவது என் ஓரகத்தி, தோசை வார்த்துக்கொண்டே கேட்டார். "நம்ம வீட்ல இந்த மாதிரி ஒண்ணும் யாருக்கும் வந்ததில்லையேடி. உங்க பக்கம் யாருக்காவது உண்டா?"

"தெரியலைக்கா."

"கேட்டுப் பாரேன். இதெல்லாம் எங்கேயிருந்தாவது வந்துதானே இருக்கணும்."

தட்டில் விழுந்த தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைய இருந்தால் பேச வேண்டியதில்லை.

மகளுக்கு அவள் குரலே சுமை. பிரார்த்தனைப் பாட்டில் அவளைப் பின்வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் அவளுக்குப் பேர் தவளை. இந்த ஆண்டு மழைக்காலத்தில்தான் அந்தக் குரலை ஒருவர் கேட்டு வந்தார்.

எங்கள் பேட்டையில் ஒரு கிளப் உண்டு. பேட்டையைப் பாரா என்பார்கள் இங்கே. ஒவ்வொரு பாராவிலும் ஒரு கிளப் இருக்கும், அதுதான் துர்கா பூஜையை நடத்தும். பூஜையின் ஏழாம் நாளான சப்தமியன்று மாலை குழந்தைகள் நாடகம் போடுவார்கள். நாடகத்தை எழுதி, சொல்லிக்கொடுப்பவர் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர். குழந்தையிலிருந்து கிழவர் வரை அவரைத் தாதா, அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் ஒரு நாள் மாடியேறி வந்து வாசலில் நின்றார். என்னைப் பௌதி என்பார், அண்ணி என்று அர்த்தம்.

"பௌதி, உங்க பொண்ணை எனக்குக் குடுங்க. பெரிய வேஷம். புலி!"

வங்காளியில்தான் பேசினார். நான் தயங்கினேன். "அவ குரல் வந்து..."

"குரலுக்காகத்தானே வந்திருக்கேன்! மத்ததெல்லாம் பூனைக்குட்டி மாதிரி கத்துது. அவ நேத்து வாசல்ல நின்னு ஐஸ்காரனைக் கூப்பிட்டா பாருங்க, நான் ரெண்டடி பின்னால போயிட்டேன்."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் வெளியே வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து நாளாகியிருந்தது.

கதை எளிமையானது. சுந்தரவனக் காட்டுப் புலி ஒன்று வெள்ளத்துக்குப் பயந்து கேனிங் லோக்கல் ரயிலில் ஏறி, டாக்குரியா ஸ்டேஷனில் இறங்கி, தங்க ஒரு இடம் கேட்டு வீடு வீடாகப் போகிறது. யாரும் கொடுப்பதில்லை. கடைசியில் கிளப் அறையில் கேரம் போர்டுக்கு அடியில் படுத்துக்கொள்கிறது. புலிக்கு நீண்ட வசனங்கள் இருந்தன. கடைசிக் காட்சியில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பேச்சு. மகள் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டாள். குளிக்கும்போது, சாப்பிடும்போது, ஜடை பின்னும்போது புலிதான்.

அந்தச் சமயத்தில்தான் வழக்கமான பரிசோதனை வந்தது. கேமராவில் பார்த்துவிட்டு மருத்துவர், "ஒரு பக்கம் திரும்ப வந்திருக்கு. இன்னும் இடம் இருக்கு, அவசரமில்லை" என்றார்.

அவர் என்னிடம் சொல்லி முடிப்பதற்குள் மகள் வங்காளியில் கேட்டாள். "பூஜைக்கு அப்புறம் பண்ணலாமா?"

"ஏன், பூஜையில என்ன?"

"நான் புலி. பண்ணினா ஒரு வாரம் பேசக் கூடாதுன்னு சொல்வீங்க. அப்புறம் குரலும் மாறிடும்."

மருத்துவர் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார். "பூஜைக்கு அப்புறமே வெச்சுக்கலாம். ஆனா அந்த வாக்கியம் உடைஞ்சுதுன்னா நான் புலி, சிங்கம் எதையும் பாக்க மாட்டேன். அன்னிக்கே வந்துடணும். சரியா?"

"சரி" என்றாள்.

அதிலிருந்து காலையில் வாக்கியத்தை நான் கேட்ட விதமே மாறிவிட்டது. முன்பெல்லாம் அடுப்படியிலிருந்தே, "ம், சொல்லு" என்பேன். இப்போது அவளுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். அவளும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். ஜன்னலோரம் போய் நின்றுகொள்வாள். "இரும்மா, ரயில் வரட்டும். ரயிலைப் பாத்துக்கிட்டே சொல்றேன்." வாக்கியத்தில் ரயில் இருப்பதால் விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் ரயிலுக்குப் பஞ்சமே இல்லை. தடதடவென்று அது வரும், அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொல்லுவாள். ரயிலும் தெரியும், ஏரியும் தெரியும், மழை வர்றதும் தெரியும். எங்கும் நிற்காது. சொல்லி முடித்துத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் ராஞ்சிக்குச் சொல்வேன், முழுசாச் சொன்னா.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவள் தூங்கும்போது மூச்சோடு ஒரு விசில் சத்தம் வரும். பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே துணி மடிப்பது என் வழக்கம். அந்தச் சத்தமும் குறைந்திருந்தது. தானாகவே அடங்குகிறதோ என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரும் இல்லை. கரியாஹாட் கடைத்தெருவில் வாங்கி வந்திருந்த மஞ்சள் துணியை எடுத்து வைத்துக்கொண்டு புலி உடுப்புத் தைக்க ஆரம்பித்தேன். கழுத்தை மட்டும் இறக்கி வெட்டினேன். அவள் கேட்டாள், "புலிக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய கழுத்து?" வியர்க்கும் இல்லையா என்றேன். மூச்சுத் திணறினால் கழுத்துக்குக் கீழே, எலும்புகள் சேரும் இடத்தில் இருக்கும் குழி உள்ளே இழுபடும். எதைத் தைத்தாலும் அந்தக் குழி என் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவளுக்குக் காலர் வைத்த சட்டையே நான் வாங்குவதில்லை.

அந்த உடுப்பின் வால்தான் என்னை அன்று கிளப்புக்குக் கொண்டுபோனது. மகாளய அமாவாசைக்கு மறுநாள், சப்தமிக்கு இன்னும் ஆறு நாள். காலையிலிருந்து கொட்டிய மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்று, அலுவலகத்தில் எங்களை மூன்று மணிக்கே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் மகள் ஒத்திகைக்குப் போயிருந்தாள். வாலின் நீளத்தைப் பார்த்துவிடலாம் என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

படியில் கால் வைக்கும்போதே சத்தம் கேட்டது. தொண்டைக்குள் ஏதோ கிழிவதைப் போல மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். எனக்கு மிக நன்றாகத் தெரிந்த சத்தம். செருப்போடு உள்ளே ஓடினேன். அங்கே ஏழெட்டுக் குழந்தைகள் நான்கு காலில் நின்றுகொண்டு, வாயைத் திறந்து, தோளைத் தூக்கி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தன. எல்லோரும் சேர்ந்து அந்தச் சத்தத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு வாண்டு சரியாக வராமல் இருமிவிட்டுச் சிரித்தது.

தாதா என்னைப் பார்த்துப் பெருமையோடு வந்தார். "பாத்தீங்களா பௌதி! உங்க பொண்ணுகிட்ட கத்துக்கிட்டதுதான். புலி கோபப்படறதுக்கு முன்னால மூச்சு இழுக்குமாம். எங்கேயிருந்து புடிச்சா இதை?"

"அவ எங்கே?"

மூலையில் கேரம் போர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் வசனத்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"வசனம் சொல்லு பாப்போம். கடைசிப் பேச்சு" என்றேன்.

தாதாதான் பதில் சொன்னார். "அதெல்லாம் இப்ப இல்லையே. அவளே வந்து குறைக்கச் சொன்னா. கம்மியாப் பேசுற புலிதான் பயமா இருக்கும்னா. யோசிச்சுப் பாத்தேன், சரிதான். இப்ப மத்தவங்க பேசுறாங்க, புலிக்கு ஒத்தை ஒத்தை வார்த்தைதான். இடம். பசி. மழை. பிரமாதமா இருக்கு!"

நான் அவள் கழுத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் குழி உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. காலையில்கூட என் எதிரில்தான் நின்றாள். ஆனால் ஜன்னல் பக்கமாகத் திரும்பி.

டாக்ஸி கிடைக்கப் பிரதான சாலைவரை நடக்க வேண்டியிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டேன். ஒன்பது வயதுப் பெண், கால்கள் என் முழங்காலில் இடித்தன. தாதா குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்து, "ஆஸ்துமாவா? பௌதி, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வண்டியை நிறுத்தினார். நான் கதவைச் சாத்தினேன்.

வண்டியில் அவளை நேராக உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி சொல்லலை?"

"சொன்னா... புலி... போயிடும்."

"காலையில முழுசாச் சொன்னியே. இப்ப சொல்லு. எங்க வீட்டு மாடியிலன்னு சொல்லு."

அவள் வெளியே பார்த்தாள். பைபாஸ் சாலை, மழை, வண்டிகள். பிறகு என்னைப் பார்த்தாள். "இங்க... ரயில்... இல்லையேம்மா."

அப்போதுதான் விளங்கிற்று. அந்தச் சின்ன மூளை கண்டுபிடித்திருந்தது. ரயில் தடதடக்கும்போது நடுவில் இழுக்கும் மூச்சு என் காதுக்கு எட்டாது. முகத்தைத் திருப்பிக்கொண்டால் கழுத்தும் தெரியாது. எத்தனை பதிவுகள் என் கைபேசியில் கிடந்தன, எல்லாவற்றிலும் ரயில். அதைவிடப் பெரிய மடத்தனம் என்னுடையது. நாளெல்லாம் அவள் பேசுவது வங்காளியில். மாஷிமாவோடு, பள்ளிக்கூடத்தில், கிளப்பில், கனவில்கூட அதுதான். கொஞ்ச நாளாக அந்த வங்காளிப் பேச்சு துண்டு துண்டாகிவிட்டதை ஊரே கேட்டிருக்கிறது. நான் தினம் ஒரு தமிழ் வாக்கியத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். மருத்துவர் வேறு ஒரு ஆபரேஷனை முடித்துக்கொண்டு அப்படியே வந்தார். தூக்கத்தில் சத்தம் குறைந்ததைச் சொன்னேன். "சத்தம் வர்றதுக்கும் காத்து போகணும் இல்லையா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணவர் போனை எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருந்திருப்பார். நானே கையெழுத்துப் போட்டேன். மயக்க மருந்து கொடுப்பவர் வந்து, இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுப்பதில் இருக்கும் ஆபத்துகளைச் சொன்னார். எனக்குத் தெரிந்தவைதான். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதைப் போலத் தலையாட்டுவேன்.

கதவு மூடுவதற்கு முன் அவள் என் விரலைப் பிடித்து இழுத்து, முகமூடிக்குள்ளிருந்து உதட்டை அசைத்தாள். வால். புலி வாலைப் பற்றிக் கேட்டாள். பையில் இருக்கு என்றேன்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே ஒரு நீண்ட பெஞ்ச். இந்த ஊரில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் மாமா, சித்தப்பா, பக்கத்து வீடு, கிளப் பையன்கள் என்று பத்துப் பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி எல்லோருக்கும் கொடுப்பார்கள். அன்றும் ஒரு குடும்பம் அப்படி உட்கார்ந்திருந்தது. அதிலிருந்த ஒரு பெண்மணி எனக்கும் ஒரு காகிதக் கோப்பையை நீட்டினார்.

"உள்ள யாரு?"

"மகள்."

"என்ன அவளுக்கு?"

"தொண்டையில மரு."

"ஓ... டாண்டா பட்டிருக்கும்" என்றார் மிகுந்த அனுதாபத்தோடு. பிறகு என் இரண்டு பக்கமும் பார்த்தார். "கூட யாரும் வரலையா?"

"வர்றாங்க" என்றேன். யாரும் வரவில்லை. மாஷிமாவுக்கு முட்டிவலி, தண்ணீரில் நடக்க முடியாது. ஓரகத்தி அக்காவைக் கூப்பிடலாம் என்று எண்ணை எடுத்து, எங்கேயிருந்து வந்திருக்கும் என்று அவர் கேட்டது நினைவுக்கு வந்து, போனைத் திரும்பப் பையில் போட்டேன். கை வாலில் பட்டது. பஞ்சு அடைத்த, மழையில் நனைந்த வால். அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்தும் அந்தப் பெண்மணி எதுவும் கேட்கவில்லை. நல்லவர்.

உள்ளே அறுப்பது என் உடம்பிலிருந்து போனதை. அதைத்தான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். தப்பில்லை என்று டாக்டர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். பத்து மாதம் சுமந்தபோது நல்லதையெல்லாம் நான் கொடுத்தேன் என்று சொல்ல முடிந்தால், இதையும் நான்தானே கொடுத்தேன் என்று மனசு கேட்கும். அதற்குப் பதில் சொல்லப் பக்கத்தில் ஆள் கிடையாது.

மருத்துவர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். "எடுத்தாச்சு. நல்லா மூச்சு விடறா." சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொட்டுக் காட்டினார். "உள்ள இருக்கிற ரீஃபில் அளவுதான் வழி இருந்தது. இன்னிக்கு நீங்க வந்தது நல்லது."

வழக்கம்போல ஒரு வாரம் பேசக் கூடாது. அவள் பேசவில்லை, அழவும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கணவர் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு, பூஜைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என் தோளில் கை வைத்து, "நீ தனியா ரொம்ப..." என்று தொடங்கி, ஆட்டோ வந்துவிட்டதால் நிறுத்திக்கொண்டார்.

தாதா வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "நான் அதை நடிப்புன்னு நினைச்சேன் பௌதி. மத்த பசங்களுக்கும் சொல்லிக்குடுத்தேனே" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "ஏய் புலி! நீ வாயைத் திறக்க வேணாம். உடுப்பைப் போட்டுக்கிட்டு வா. குரலை வேற ஒருத்தி திரைக்குப் பின்னால மைக்ல குடுக்கட்டும். சரியா?" என்றார். மகள் சுவரிலிருந்து திரும்பினாள். இரண்டு விரலைக் காட்டினாள். தாதாவுக்குப் புரியவில்லை. அவள் எழுந்து வசனத்தாளை எடுத்து, அடித்திருந்த பகுதியில் விரலை வைத்துத் தட்டினாள். பேசப்போகிறவள் வேறொருத்தி என்றால் பழைய நீளமான பேச்சு திரும்ப வேண்டும் என்கிறாள். இரண்டாவது விரல் வாலுக்கு. அது குட்டையாக இருக்கிறதாம்.

சப்தமி மாலை. பந்தலுக்கு முன்னால் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. கணவருக்கு ரயில் தாமதம். மாஷிமாவுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். விளக்கு அணைந்து எரிந்தபோது புலி மேடையில் நின்றது. மஞ்சள் உடுப்பு, நீட்டித் தைத்த வால், இறங்கிய கழுத்து. கூட்டம் கை தட்டியது. மைக்கில் வேறு சிறுமியின் குரல் வந்தது, வெள்ளத்தைப் பற்றி, ரயிலைப் பற்றி. மகள் அதற்கேற்பக் கையை வீசினாள். எல்லோரும் புலியைப் பார்த்தார்கள். அத்தனை பேரில் நான் ஒருத்தி மட்டும் கழுத்துக்குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காட்சியில், கோபப் பேச்சுக்கு முன்னால், ஒலிபெருக்கிகளிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தொண்டை கிழிகிற அந்த மூச்சு. தெரு முழுக்கக் கேட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்தது.

பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். "தீதி, உக்காருங்க! மறைக்குது!"

மேடையில் குழி அசையவில்லை. அவள் அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றாள். திரைக்குப் பின்னாலிருந்த சிறுமி, பழகியதை மறக்காமல் செய்திருக்கிறாள். கூட்டம் அந்த உறுமலுக்குக் கை தட்டி ஆர்ப்பரித்தது. மாஷிமா என் கையைப் பிடித்து உட்கார வைத்து, "என்னம்மா, பயந்துட்டியா? நாடகம்தானே" என்றார். ஆமாம் மாஷிமா என்றேன். உட்கார்ந்த பிறகும் நாடகம் முடியும்வரை அந்தக் குழியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்த வாக்கியத்தைக் கேட்பதில்லை. வளர்ச்சி திரும்ப வரும், அது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. இப்போதெல்லாம் காலையில் அவளிடம் வலியச் சண்டைக்குப் போகிறேன். சாக்ஸை ஏன் சோபாவில் போட்டாய், பாலை ஏன் மிச்சம் வைத்தாய், எதையாவது. சண்டையில் அவளால் மூச்சை ஒளிக்க முடியாது. கோபம் வந்தால் தமிழிலிருந்து வங்காளிக்குத் தாவிவிடுவாள். நானும் வங்காளியிலேயே கேட்கிறேன்.

போன வாரம் பள்ளிப் பையை மாட்டிக்கொண்டே நின்று என்னை முறைத்தாள். புதுக் குரல், இன்னும் கொஞ்சம் கரகரப்பு.

"அம்மா, சாக்ஸ் அலமாரியில இருக்கு. நீ சும்மாத்தானே திட்டுறே?"

"யாருடி சும்மாத் திட்டுவாங்க?"

"துர், போம்மா! எனக்குத் தெரியாதா? போதுமா இன்னிக்கு? இன்னும் கொஞ்சம் சண்டை வேணுமா? பஸ் வந்துடும்."

நான் போகச் சொன்னேன். படியிறங்கினாள். கீழே மாஷிமாவின் கதவு திறக்கும் சத்தம், குல்லா எங்கே என்ற கேள்வி. மகள் ஏதோ வளவளவென்று பதில் சொல்ல ஆரம்பித்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு மேலே நின்று கேட்டேன். நடுவில் ஓரிடத்தில் பேச்சு நின்றது. மூச்சு வாங்கினாளா, அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசித்தாளா, தெரியவில்லை. அதற்குள் ரயில் ஒன்று வந்துவிட்டது.